கழுகுக்கண்ணியின் ஒரு மைல் கட்டில்

இடது மார்பை எடுத்துவிட்டுக் கழுகுக்கண்ணி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று, அந்த வீட்டின் இரட்டைக் கட்டில் ஒரு சாண் கூடுதலாக அகன்றிருந்தது. மறுநாள் இன்னொரு சாண். அதற்கு மறுநாள் அரசு விடுமுறை. கட்டில் அதைப் பொருட்படுத்தவில்லை. முதலில் கவனித்தவர் அவளுடைய கணவர். இருபத்திரண்டு வருடமாக நில அளவைத் துறையில் சர்வேயராக இருப்பவர். தெருவில் நடந்துபோகும்போதே பக்கத்து வீட்டு மதில் நாலு விரற்கடை வெளியே வந்திருப்பதைச் சொல்லி, அந்த வீட்டில் டீ குடிக்கும் வாய்ப்பை நிரந்தரமாக இழந்தவர். அவர் டேப்பை எடுத்து அளந்தார். ஐந்தடி இருந்த கட்டில் ஐந்தே முக்கால் ஆனது, பிறகு ஆறரை, பிறகு ஏழேகால். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவைத்தார். எழுதியபின் அவருக்கு மனம் கொஞ்சம் லேசாயிற்று. எந்தப் பிரச்சினையையும் அளந்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்று பயிற்சிக் காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மீதிப் பாதியைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஏதும் இல்லை.

கழுகுக்கண்ணி என்பது தொழிற்சாலையில் வைத்த பேர். பெண்களுக்கான உள்ளாடை தைக்கும் தொழிற்சாலை அது. அதன் செக்கிங் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். நாளொன்றுக்கு எண்ணூறு பிரா அவள் மேஜையில் வந்து விழும். தையல் விட்டது, கொக்கி கோணியது, எலாஸ்டிக் இளித்தது எல்லாம் கையில் எடுக்கும் முன்பே அவள் கண்ணில் பட்டுவிடும். இடது கிண்ணத்துக்கும் வலது கிண்ணத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது கம்பெனி விதி. இவ்வளவு தாராளம் ஆகாது என்று மேனேஜரோடு வாதாடி அதை இரண்டாகக் குறைத்தவளும் அவள்தான். அதற்காக ஒரு வருடக் கடைசியில் கைதட்டிச் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். தேறிய உருப்படிக்கு ரப்பர் முத்திரையைத் 'டக்' என்று குத்தி வலப்பக்கம் அடுக்குவாள். தேறாததை இடப்பக்கம் இருக்கும் சிவப்புக் கூடையில் எறிவாள். ஏன் தேறவில்லை என்று எழுதும் வழக்கம் இல்லை, சொல்லும் வழக்கமும் இல்லை. நல்ல சரக்குக்குத்தான் சத்தம். கழித்த சரக்கு சத்தமில்லாமல் போகும்.

வீடு திரும்பிய முதல் மாதத்தில் அவளைப் பார்க்க நாற்பத்தொரு பேர் வந்தார்கள். தொழில் புத்தியில் அவள் எண்ணிவிட்டாள். நாற்பத்தொரு பேரும் உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள், ஏதோ ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் மனப்பாடம் செய்தவர்கள் மாதிரி. அவர்களில் ஒருவர்கூட அவள் கழுத்துக்குக் கீழே பார்க்கவில்லை. அதற்கு முந்தைய முப்பது வருடத்தில் அவள் கழுத்துக்குக் கீழே பார்க்காமல் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், இந்தத் திடீர் ஒழுக்கம் அவளுக்கு வியப்பாக இருந்தது. நாத்தனார் மட்டும் ஒரு படி மேலே போனாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோம்மா. இந்த வயசுல அதுக்கு என்ன வேலை சொல்லு? பால் குடிக்கிற பிள்ளையா வெச்சிருக்க?"

கழுகுக்கண்ணிக்கு நாற்பத்துநான்கு வயது. நாத்தனாருக்கு ஐம்பத்திரண்டு, அன்று காலை தலைக்கு அடித்திருந்த சாயம் காதோரத்தில் இன்னும் காயவில்லை. தலைப்பாகை என்று எதைச் சொல்கிறாள் என்று கேட்டுவிடலாமா என்று கழுகுக்கண்ணி யோசித்தாள். பிறகு, "ஆமாங்க, பெரிசுதான்," என்று சொல்லிவைத்தாள். அன்று கட்டில் இரண்டு அடி வளர்ந்தது.

உண்மையில் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது சின்ன விஷயம். இனி அவளை அவர் தொடுவாரா? தொட்டால் அவளுக்கு முன்பு மாதிரி ஏதாவது தோன்றுமா? இல்லை, அந்த மேஜை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டதா? உயிர் பிழைத்தவள் கேட்கக் கூடாத கேள்வி இது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளத்தில் வீடு போனவன் நிவாரண முகாமில் நின்று தலையணை உறைக்குப் பொருத்தமான திரைச்சீலை கேட்பது மாதிரி என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டியும் கேள்வி போகவில்லை.

சர்வேயர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யக்கூடிய எல்லாத் தீங்கையும் அவர் செய்தார். அவள் உடை மாற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கத்தில் கை தவறி அவள்மேல் பட்டுவிடக் கூடாதென்று கட்டிலின் கடைசி விளிம்பில், இரண்டு கையையும் தன் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு படுத்தார். முதல் கீமோ முடிந்து பதினாறாம் நாள் அவள் தலைமுடி தலையணையோடு தங்கிவிட்டபோது, "தொப்பி உனக்கு நல்லா இருக்கு," என்றார். அவள் அப்போது தொப்பி போட்டிருக்கவில்லை. சாணாக இருந்த வளர்ச்சி கீமோவில் முழமாகி, ரேடியேஷனில் கஜமாயிற்று. நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிய நாட்களில் இரண்டடி, தொப்பி நாளில் நாலடி, யாராவது தொலைபேசியில் கேட்டு இருவரும் ஒரே குரலில் "நல்லா இருக்கோம்" என்று சொன்ன நாட்களில் ஆறடி. இவ்வளவையும் பத்தி பிரித்து, வரைபடத் தாளில் கோடு போட்டு வைத்திருந்த மனிதருக்குக் கண்டுபிடிக்க முடியாமல் போனது காரணம் ஒன்றை மட்டும்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் படுக்கையறை எப்போதும் போலப் பதினோரு அடிதான். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. கொத்தனாரை அழைத்துக் காட்டினார்கள். அவர் வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், மறுபடி வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்து, "இது என் வேலை இல்லைங்க, தச்சர் வேலை," என்றார். தச்சர் வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்து, மரம் நல்ல மரம், அதான் வளருது என்றார். அறைக்கு இரண்டு வாசல். அவள் பக்கத்து வாசல் சமையலறைக்குத் திறக்கும், அவர் பக்கத்து வாசல் கூடத்துக்கு. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஏழு அடி. கட்டில் வழியாகப் போனால் முதல் வருட முடிவில் கால் மைல். இந்தக் கணக்கைச் சர்வேயர் மூன்று முறை சரிபார்த்தார். மூன்று முறையும் சரியாகவே வந்தது. காலையில் சமையலறையில் இருவரும் முழங்கை உரசும் தூரத்தில் நின்று டீ குடித்தார்கள், சர்க்கரையை எடுத்துக் கொடுத்தார்கள், மின்கட்டணம் பேசினார்கள். விளக்கணைத்தபின் அவர் கைபேசியில் அழைத்து, "மாத்திரை போட்டியா?" என்பார். "போட்டேன்." "சரி, தூங்கு." சராசரி பதினோரு வினாடி.

படுக்கை விரிப்பு ஒரு தனித் தொல்லை. அதைத் தீர்த்தவள் தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் இருந்த சிநேகிதி. எல்லோரும் அவளைக் கத்தரி என்பார்கள், கையில் இருப்பதாலும் வாயில் இருப்பதாலும். மில்லில் நிறம் மாறிப்போன துணி உருளைகளை வண்டியில் ஏற்றிவந்து, கட்டில் விளிம்பில் வைத்து உதைத்து உருட்டிவிட்டாள். உருளை விரிந்துகொண்டே போய்க் கண்ணுக்கு மறைந்தது.

"ஏன்டி, இது கட்டிலா, ரயில்வே யார்டா?"

"வளருது. என்ன பண்ணச் சொல்ற?"

"அது கிடக்கட்டும். மனுஷன் கிட்ட வர்றாரா?"

"கிட்ட வரணும்னா பஸ் பிடிக்கணும்."

"நீ போறது?"

"எதை எடுத்துக்கிட்டுப் போறது? ஒத்தையா?" என்றாள் கழுகுக்கண்ணி. "நம்ம கம்பெனியில ஒத்தைக் கிண்ணத்தோட ஒண்ணு வந்தா நீ என்ன பண்ணுவ?"

"நான் வெட்டுறவ. செக்கிங் நீதான். நீ என்ன பண்ணுவ?"

சிவப்புக் கூடை இருவருக்கும் தெரியும். கத்தரி வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சை மாற்றினாள்.

மருத்துவமனையில் கையேடு ஒன்று கொடுத்திருந்தார்கள், பதினெட்டுப் பக்கம். வாளி தூக்குவது பற்றி ஒன்றரைப் பக்கம். கை வீங்காமலிருக்கச் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி, படத்தோடு மூன்று பக்கம். தாம்பத்தியத்துக்குப் பதினேழாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: 'வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பலாம்.' எந்த வழியாகத் திரும்புவது என்பதற்குப் படம் இல்லை. அறுவை செய்த டாக்டருக்குத் தன் தையலில் அபாரப் பெருமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு பயிற்சி மாணவர்களையும் கூப்பிட்டு, "பாத்தீங்களா, ஒரு சுருக்கம் இருக்கா?" என்பார். அவளும் குனிந்து பார்ப்பாள். உண்மையிலேயே நேர்த்தியான தையல், முத்திரை குத்தலாம். உருப்படிதான் ஜோடி சேரவில்லை. எட்டு மாதம் தைரியத்தைச் சேர்த்துவைத்து ஒருநாள் கேட்டாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். வீட்டுல நாங்க ரெண்டு பேரும்... வந்து..."

"தாராளமா. வெயிட் மட்டும் தூக்காதீங்க."

சர்வேயரின் எடை எழுபத்திரண்டு கிலோ. அதுவும் இந்தக் கணக்கில் வருமா என்று அவள் கேட்கவில்லை. மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சிலிக்கான் மார்பு வந்தது. வெல்வெட் வைத்த பெட்டியில், இரண்டு வருட உத்தரவாதத்தோடு. அவளுடைய மற்ற உறுப்புகளுக்கு டாக்டர்கள் அப்படி எழுதிக்கொடுக்க மறுத்திருந்தார்கள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போய், சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறையில் வைத்து அளந்தாள். வலதைவிடப் பதினொரு மில்லிமீட்டர் கீழே நின்றது. கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். வலது பக்கத் தோள்பட்டியைச் சற்று இறக்கிக்கொண்டால் இரண்டும் சமமாகத் தெரியும் என்று பணிவான பதில் வந்தது. ஆக, இருப்பதுதான் இல்லாததுக்கு இறங்கிவர வேண்டும். அவள் இறக்கிக்கொண்டாள். வீட்டில் அதைக் கழற்றி நாற்காலி முதுகில் வைப்பாள். டீ எடுக்க வரும் சர்வேயர், அங்கே யாரோ பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பது மாதிரி அதைச் சுற்றிக்கொண்டு போவார். குளியலறைக் கண்ணாடியை ஆணியைப் பிடுங்கி ஒரு முழம் மேலே ஏற்றி மாட்டினாள். இப்போது அதில் முகம் மட்டும் தெரிந்தது, அதுவும் கால் பெருவிரலில் நின்றால்.

அடுத்து மாத்திரை, தினம் ஒன்று, ஐந்து வருடத்துக்கு. அதைச் சாப்பிட்டால் நோய் திரும்பாது என்றார்கள். நோயோடு சேர்த்து வேறு சிலதும் திரும்பவில்லை. உடம்புக்குள் யாரோ நேரங்கெட்ட நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தார்கள். கழுத்து வியர்த்து ஊற்றி அடங்கும்போது குளிர் எடுக்கும். கீழே எல்லாம் கோடைக்கால மண் மாதிரி வறண்டது. இல்லாத இடது காம்பு மட்டும் வாரம் இரண்டு முறை அரித்தது. சொறிந்துகொள்ள இடம் இல்லாததால் அவள் மேஜையின் ஓரத்தைச் சொறிந்தாள். ஆச்சரியமாக அரிப்பு அதற்கு அடங்கியது. இப்படியே இரண்டு வருடம் போயிற்று. முடி வளர்ந்தது, முன்பு இல்லாத சுருட்டையோடு. நாத்தனார் அதைப் பார்த்து, காசு குடுத்தாலும் இப்படி வராது என்றாள். கட்டில் ஒரு மைலைத் தொட்டது.

ஆசை திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, முன்னறிவிப்பு இல்லாமல். கழுகுக்கண்ணி ரத்தப் பரிசோதனை முடித்துப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். சாலை அகலப்படுத்தும் இடத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள், முக்காலியின் மேல் வைத்த அளவைக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கருவியின் திருகை அவன் இரண்டு விரலால் திருப்பிய விதத்தில் அவசரமே இல்லை. ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி, பிறகு மூச்சைப் பிடித்து நிறுத்துவான். 'யார்ரா இந்த ஆளு, நல்லா இருக்கானே' என்று அவளுக்குத் தோன்றிய கணத்தில் அடிவயிற்றில் ஏதோ புரண்டு படுத்தது. அந்த ஆள் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தான். பார்த்தால் அவளுடைய கணவர். பஸ் கிளம்பிவிட்டது. அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது எதை என்று அவள் எட்டிப் பார்த்தாள். எதிரே ஒரு சாக்கடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், பாதி இடிந்தது. அதைக் கண்கொட்டாமல் பார்க்கிற மனுஷனுக்கு என்னைப் பார்க்க மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பத் தெரியும் என்று நினைத்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. இது மாத்திரைச் சூடு இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறி நடக்கத் தொடங்கினாள். கூடம் வழியாகப் போயிருக்கலாம், ஏழு அடிதான். ஆனால் கூடத்தில் இருந்தவர் மாத்திரை போட்டியா என்று கேட்கிற மனிதர். அவளுக்குப் பேசவேண்டியது கட்டிலின் அந்தப் பக்கம் படுத்திருக்கிற மனிதரோடு. சிலிக்கான் மார்பு வெயிலில் கனக்கும் என்று நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். போனதும் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அந்த வாயால் சொல்லவைக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். சொல்லாமல் கூடையில் கிடப்பதற்கு அவள் ஒன்றும் பிரா இல்லை.

மெத்தையில் நடப்பது லேசில்லை, ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் வரை புதைந்தது. முதல் கால் மைலில், முதல் கீமோவில் உதிர்ந்த அவளுடைய முடி பந்தாகச் சுருண்டு காற்றில் உருண்டு போனது. அதற்கப்பால் விரிப்பு சுருக்கம் விழுந்து இடுப்பளவு வரப்புகளாக நின்றது. லேசான பனி. இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த டி.வி. ரிமோட் ஒரு பள்ளத்தில் கிடந்தது. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். பதினொன்றரைக்குச் சரியாக நடுவுக்கு வந்தாள். அங்கே மெத்தையில் ஒரு முளைக்குச்சி அடித்திருந்தது. சர்வே வேலையில் எல்லைக்கு அடிக்கிற, மேல்நுனியில் சிவப்புச் சாயம் தடவிய அரை முழக் குச்சி. அதில் ஒரு அட்டை கட்டித் தொங்கியது. போன ஞாயிற்றுக்கிழமையின் தேதி. கீழே சர்வேயரின் குண்டு குண்டான கையெழுத்து: 'எல்லை வரை வந்தேன். எதிர்த்தரப்பு ஆஜர் இல்லை. நுழையவில்லை.'

பத்துப் பதினைந்து தப்படி தள்ளி இன்னொரு குச்சி, அதற்கு முந்தைய ஞாயிறு. அதற்கப்பால் இன்னொன்று. கட்டில் வளர வளர அதன் நடுவும் தள்ளிப் போயிருக்கிறது. வாரம் தவறாமல் அவர் வந்து புது நடுவைக் கண்டுபிடித்துக் குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். கழுகுக்கண்ணி ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே நடந்தாள். 'ஆஜர் இல்லை. நுழையவில்லை.' 'மழை. அரை மணி காத்திருந்தேன். ஆஜர் இல்லை.' 'எதிர்த்தரப்பு இருமுவது கேட்டது. திரும்பினேன்.' 'யாரோடோ சிரிப்பது கேட்டது. அந்தக் கத்தரி அம்மாவாக இருக்கலாம். கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தேன்.' 'தலையணையைக் கொண்டுவந்திருந்தேன். திரும்ப எடுத்துச் சென்றேன்.' நாற்பதாவது குச்சியில் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, கோபத்தில்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாற்பத்தோராவதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டபோது, வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குடை ஒன்று ஏறி வந்தது. குடைக்குக் கீழே சர்வேயர். ஒரு கையில் சுத்தியல், அக்குளில் அந்த வாரத்துக் குச்சி.

அவர் நின்றுவிட்டார். அவளைப் பார்ப்பதற்கு முன்பு அவள் காலைப் பார்த்தார்.

"எல்லை தாண்டி வந்துட்டியே," என்றார்.

"ஆமா. கேஸ் போடுங்க."

"இல்ல... ஆயிரம் அடி உள்ள நிக்கிற."

"இதெல்லாம் என்ன?" பிடுங்கிய குச்சியை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "வந்து நின்னு எழுதி வெச்சிட்டுப் போனா ஆச்சா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"நோட்டீஸ் குடுக்காம ஒருத்தர் இடத்துல கால் வெக்கக் கூடாது. நான் வேலையில சேர்ந்த நாள்லேருந்து அதான். உரிமையாளர் வந்து நின்னு, அளந்துக்கோன்னு சொன்னாத்தான்..."

"நோட்டீஸ் யாருக்குக் குடுத்தீங்க?"

"குடுக்கல."

"ஏன்?"

"ஏற்கெனவே ஆளாளுக்கு உன்னைக் கேக்காம அளந்துட்டாங்க, வெட்டிட்டாங்க, சுட்டுட்டாங்க. அதுல நானும் ஒருத்தனா வந்து நிக்கணுமா? நீயே கூப்பிடுவேன்னு இருந்தேன்."

"நான் கூப்பிடணுமா? ரெண்டு வருஷமா நீங்க ஒரு வார்த்தை சொல்லல. பேசாம இருந்தா எங்க மேஜையில என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் அவள் சம்பளத்தில் பாதி வீடு ஓடியிருந்தும் சிவப்புக் கூடை பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. அவள் சொன்னாள். நின்றபடியே, ஒரு கையில் குச்சியோடு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். கேட்டு முடித்த சர்வேயர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு, "நான் கழிக்கலடி," என்றார். "எனக்கு உள்ள வர வழி தெரியல, அவ்வளவுதான்."

"இன்னிக்கு அட்டையில என்ன எழுதப் போறீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். எந்தக் கேள்விக்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார். "ஆஜர்னு எழுதணும்."

அவள் குச்சியைப் போட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். நேரம் பன்னிரண்டு, நல்ல வெயில். மறைக்க அந்த வட்டாரத்தில் ஒரு சுவர்கூட இல்லை. அவர் பார்த்தார். இவ்வளவு அருகில் பார்ப்பது இருபத்துநாலு மாதத்தில் முதல்முறை. பழக்கதோஷத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கழுகுக்கண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு கண்ணையும் திறங்க. நான் என்ன சாக்கடைப் பாலமா?" அவர் இரண்டையும் திறந்தார். அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை ஒரு கோடு, ரேடியேஷன் பட்ட இடம் இன்னும் தேநீர்க் கறை மாதிரி. டாக்டரின் மாணவர்கள் மாதிரி தலையாட்டவில்லை, நாற்பத்தொரு பேர் மாதிரி கழுத்துக்கு மேலே தாவவில்லை. "வலிக்குமா?" என்றார். இதைக் கேட்க அவருக்கு ஒரு மைல் பிடித்திருந்தது.

அவர் கையைப் பிடித்து அவளே வைத்தாள், வைத்து வைத்துச் சொன்னாள். இங்கே ஒன்றும் தெரியாது, மரத்துப்போச்சு. இங்கே தொட்டால் முதுகில் தொடுகிற மாதிரி இருக்கும், ஏன் என்று கேட்காதீங்க. இங்கே வலி, கையை எடுங்க. இங்கே, ஆ, இது நல்லா இருக்கு, இது முன்னாடி இல்லாத இடம். கருவியின் திருகைத் திருப்புகிற அதே விரல்கள், அதே அவசரமின்மை. ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி. மூச்சைப் பிடித்து நிறுத்தியவள் இம்முறை அவள். அதற்குப் பிறகு நடந்தது காவியம் என்று எழுத ஆசைதான், ஆனால் நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பாதியில் அவளுக்கு எரிந்தது, நிறுத்தச் சொன்னாள். அவர் நிறுத்தியபோது அவருக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. அவள் அவர் காலை நீவிவிட, அவர் கத்த, அதில் இருவரும் சிரித்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்கள். மறு வாரம் கத்தரி மருந்துக்கடையிலிருந்து ஒரு களிம்பு வாங்கிவந்தாள். டியூபை மேஜையில் வைத்து, "பதினெட்டுப் பக்கத்துல போடாதது இதுதான்டி," என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலாவது ஞாயிறு நன்றாக இருந்தது. எட்டாவது ஞாயிறு பற்றிக் கழுகுக்கண்ணி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் மேஜையில் அவள் முத்திரை குத்திய சத்தம் கட்டிங் பிரிவு வரை கேட்டது.

இவ்வளவும் ஆனபின் கட்டில் சுருங்கி ஐந்தடிக்கு வந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. சுருங்கவில்லை. போன மார்பு எப்படித் திரும்பவில்லையோ அப்படி அதுவும் திரும்பவில்லை. வளர்வது மட்டும் ஏறக்குறைய நின்றது. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிற வாரங்களில் நாலைந்து அடி கூடும், முடிவு வந்தபின் அப்படியே நிற்கும். அவர்களும் அதோடு மல்லுக்கட்டவில்லை. ஆளுக்கொரு விளிம்பை விட்டுவிட்டு நடுவுக்குக் குடிபோனார்கள். ஒரு விளக்கு, இரண்டு தலையணை, மாத்திரை டப்பா, களிம்பு, ஒரு சின்ன மின்விசிறி. நாத்தனார் வந்தால் விளிம்பில் உட்கார்ந்து கையைக் குவித்து ஒரு தரம் கூப்பிட்டுப் பார்ப்பாள். பதில் வர இருபது நிமிடமாகும் என்பதால் டி.வி. பார்க்கப் போய்விடுவாள். 'அவங்க படுக்கையில இருக்காங்க' என்று பக்கத்து வீட்டில் சொன்னாள், 'வெளியூர் போயிருக்காங்க' என்று சொல்கிற அதே தொனியில்.

ஒரே சிரமம், காலையில் வேலைக்குக் கிளம்ப இருவரும் ஆளுக்கொரு திசையில் அரை மைல் நடக்கவேண்டியிருந்தது. நடுவில் ஏதாவது பேச்சு வளர்ந்துவிட்டால் நேரமாகிவிடும். தாமதமாக வருகிறவர்கள் காரணம் எழுத வேண்டும் என்பது இரண்டு அலுவலகத்திலும் விதி. கழுகுக்கண்ணி வாரத்துக்கு இரண்டு முறை, மறைக்காமல், தெளிவான எழுத்தில், 'படுக்கையிலிருந்து வர நேரமாகிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். முதல் தடவை சூப்பர்வைசர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். அரை மைல் என்றாள். சரியான காரணம்தான் என்று அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.